போவதா, இருப்பதா: வெர்சாய் அரண்மனை, ஜனவரி 1757. ஓர் அரச ஆசைநாயகியின் நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

1757 ஜனவரி 5 மாலை பிரான்சின் அரசர் பதினைந்தாம் லூயியை வெர்சாய் அரண்மனையில் ஒருவன் கத்தியால் குத்தினான். காயம் ஆழமில்லை. ஆனால் அரசர் தான் சாகப்போவதாக நம்பினார், குருவை, அதாவது கத்தோலிக்கப் பாதிரியாரை, அழைத்தார், பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம் செய்தார். அந்தக் கணத்திலிருந்து, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வசித்த பொம்பதூர் சீமாட்டியின் நிலை என்னவென்று அரண்மனையில் யாருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டாவது ஆண்டாக அரசரின் அங்கீகரிக்கப்பட்ட ஆசைநாயகியாக இருந்தவர் அவர். ஒரு வாரத்துக்கும் மேல் அரசரிடமிருந்து அவருக்கு ஒரு வரிகூட வரவில்லை.

அரச ஆசைநாயகியரைப் பற்றிப் பேச்சு வந்தால் நகை, உடை, அழகு என்றுதான் போகும். நான் இந்தச் சில நாட்களை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அந்த வாழ்க்கையின் உள்ளமைப்பு அப்போதுதான் வெளியே தெரிந்தது. ஆசைநாயகிக்கு எதிரி அரசி அல்ல, போட்டிக்கு வந்த இளம்பெண்களும் அல்ல. அரசரின் நோய்ப்படுக்கையும், அந்தப் படுக்கைக்கு அருகில் வந்து நிற்கும் குருவும்தான்.

பின்னணி: எந்த ஏட்டிலும் இல்லாத இடம்

பிரெஞ்சு அரசவையில் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. அரசி முன்னிலையில் யார் முக்காலியில் உட்காரலாம், அரசரின் சட்டையை யார் எடுத்துக் கொடுக்கலாம் என்பது வரை வழக்கம் நிலைபெற்றிருந்தது. ஆசைநாயகியின் இடம் மட்டும் எந்த விதியிலும் இல்லை. அரண்மனையில் அறைகள் இருக்கும், ஓய்வூதியம் இருக்கும், வாசலில் மனுக்களோடு வரிசை நிற்கும். ஆனால் 'இது உன் உரிமை' என்று சொல்லும் காகிதம் எதுவும் கிடையாது.

இதோடு திருச்சபையின் நிலைப்பாடு சேர்ந்தது. மணமான அரசர் இன்னொரு பெண்ணோடு வாழ்வது பாவம். அதைக் கைவிடாதவரை பாவமன்னிப்பு இல்லை. பாவமன்னிப்பு இல்லாமல், திருப்பலியில் வழங்கும் அப்பமான நற்கருணை இல்லை. லூயி இதை அலட்சியம் செய்தவரல்ல, உண்மையாகவே பயந்தவர். 1739-இல் ஈஸ்டர் நற்கருணை வாங்குவதை நிறுத்தினார். அதனால், கண்டமாலை (கழுத்துக் கட்டி) நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்கும் பழைய அரச சடங்கும் நின்றுபோனது. ஊருக்கெல்லாம் தெரியும்படி பாவத்தில் இருந்த அரசர் அவர். அது அவருக்கும் தெரியும். உடல் நன்றாக இருக்கும்வரை அந்தப் பயம் தூங்கும். காய்ச்சல் வந்தால் விழித்துக்கொள்ளும்.

முன்நிகழ்வு: மெஸ், 1744

1757-ஐப் புரிந்துகொள்ள 1744-ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆகஸ்டில் போர்முனைக்குப் போயிருந்த அரசர் மெஸ் நகரில் கடும் காய்ச்சலில் விழுந்தார். அப்போதைய ஆசைநாயகி ஷாத்தோரு கோமகளும் அவருடைய சகோதரியும் உடன் போயிருந்தார்கள். அரசர் பிழைக்கமாட்டார் என்று மருத்துவர்கள் நினைத்தபோது, சுவாசோன் ஆயர் ஃபிட்ஸ்-ஜேம்ஸ் நிபந்தனை வைத்தார்: அந்தப் பெண் நகரை விட்டுப் போகாமல், சாகும் நேரத்துச் சடங்கான அவஸ்தைப்பூசுதல் இல்லை. அரசர் சம்மதித்தார். சகோதரிகள் திரை இழுத்த வண்டியில் வெளியேறினார்கள். வழியெங்கும் மக்கள் அவர்களை ஏசினார்கள். அரசர் தன் பாவத்துக்கு வருந்தியதை ஆயர் எல்லோர் முன்பும் அறிவிக்கச் செய்தார். செய்தி நாடெங்கும் பரவியது.

அப்புறம் அரசர் பிழைத்துக்கொண்டார். மக்கள் அவரை 'அன்புக்குரியவர்' என்று கொண்டாடினார்கள். அவருக்கோ அவமானம்தான் மனதில் தங்கியது. ஆயரைத் தன் மறைமாவட்டத்துக்கு அனுப்பி அங்கேயே இருக்கச் சொன்னார். இலையுதிர்காலத்தில் ஷாத்தோருவைத் திரும்ப அழைத்தார். ஆனால் அவர் திரும்பும் முன்பே நோயுற்று, 1744 டிசம்பர் 8 அன்று இறந்தார். வயது 27.

மெஸ்ஸிலிருந்து அரசவை இரண்டு பாடங்களை எடுத்துக்கொண்டது. அரசர் உயிருக்குப் பயந்தால் ஆசைநாயகியைக் கைவிடுவார் என்பது ஒன்று. பிழைத்தால், கைவிடச் சொன்னவரைப் பழிவாங்குவார் என்பது மற்றொன்று. 1757-இல் வெர்சாய் மண்டபங்களில் நின்ற ஒவ்வொருவருக்கும் இந்த இரண்டும் தெரியும். எது முதலில் வரும் என்பதுதான் தெரியாது.

நுழைவு: 1745

பொம்பதூர் ஆவதற்கு முன் அவர் பெயர் ழான் அந்துவானெத் புவாசோன். 1721 டிசம்பர் 29 அன்று பாரிசில் பிறந்தவர். தந்தை படைகளுக்குத் தானியம் வாங்கித் தரும் தொழிலில் இருந்து, கணக்கு வழக்கில் சிக்கி நாட்டை விட்டு ஓடியவர். வரி குத்தகைதாரர் ஒருவரின் ஆதரவில் பெண் வளர்ந்தாள். பாட்டு, நடிப்பு, இசைக்கருவி எல்லாம் நல்ல ஆசிரியர்களிடம் கற்றாள். 1741-இல் அந்த ஆதரவாளரின் உறவுக்காரப் பையனுக்கே மணமுடித்து வைத்தார்கள். பணம் இருந்தது, குலம் இல்லை. இதுவரை அரசர் தேர்ந்தெடுத்த பெண்கள் எல்லோரும் பிரபுக் குடும்பத்தவர்கள். பாரிசின் பணக்கார நடுத்தட்டிலிருந்து ஒரு பெண் அந்த இடத்துக்கு வருவது அரசவைக்குப் பெரிய அதிர்ச்சி.

1745 பிப்ரவரியில் அரசரின் மகனான இளவரசரின் திருமணக் கொண்டாட்டத்தில் நடந்த முகமூடி விருந்தில் அரசரின் கவனம் அவர் மேல் இருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. அரசரும் சில அரசவையினரும் அங்கே வெட்டிச் செதுக்கிய மரங்களைப் போல வேடமிட்டு வந்திருந்தார்கள். அடுத்த சில மாதங்களில் காரியம் மளமளவென்று நடந்தது. கணவரிடமிருந்து சட்டப்படி பிரிவு. பொம்பதூர் என்ற பண்ணையும் அதோடு சேர்ந்த மார்க்கீஸ் பட்டமும். அரசர் ஃபிளாண்டர்ஸ் போரில் இருந்த அந்தக் கோடையில் இவர் எத்தியோல் மாளிகையில் அரசவை நடைமுறை கற்றார். எப்படிக் குனிவது, யாரை எந்தச் சொல்லால் அழைப்பது, எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு பகை என்பதெல்லாம் பாடம். கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் குரு பெர்னிஸ். பின்னால் இந்தக் கதையில் அவர் மறுபடி வருவார்.

செப்டம்பர் 14 அன்று அவரை அரசிக்கு முறைப்படி அறிமுகம் செய்தார்கள். வழக்கமாக அரசி உடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எதிர்பார்த்தார்கள். மரி லெசின்ஸ்கா அப்படிச் செய்யாமல், இருவருக்கும் தெரிந்த ஒரு பெண்மணியைப் பற்றி அன்பாக விசாரித்தார். பொம்பதூர் தடுமாறி, அரசிக்குப் பிடித்தபடி நடப்பதே தன் விருப்பம் என்று பதில் சொன்னார். அந்தப் பேச்சை அவர் காப்பாற்றினார் என்றே சொல்ல வேண்டும். முந்தைய ஆசைநாயகியர் அரசியிடம் காட்டிய அலட்சியத்தை இவர் ஒருநாளும் காட்டவில்லை. இது குணமா கணக்கா என்று கேட்டால், இரண்டும் என்பேன்.

கவனித்தவை: அன்றாட வாழ்க்கை

வெளியிலிருந்து பார்த்தால் சொகுசு. உள்ளே அது ஓய்வில்லாத வேலை. முதல் சில ஆண்டுகள் அவருடைய அறைகள் அரண்மனையின் மேல்மாடத்தில், கூரைக்கு அடியில் இருந்தன. நூறு படிகளுக்குக் குறையாது. காலையில் அலங்கார மேசை முன் உட்காரும்போதே அமைச்சர்களும் தூதர்களும் மனுதாரர்களும் வந்து நிற்பார்கள். பிறகு திருப்பலி. பிற்பகலில் அரசர் வேட்டையிலிருந்து திரும்பிய பின் சிலரோடு மட்டும் இரவு உணவு. அங்கே யாரை அழைப்பது என்பதே அரசியல். வாரத்தில் பல நாட்கள் ஷுவாசி, கிரெசி, பெல்வியூ என்று ஒரு மாளிகையிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம். லூயிக்குச் சீக்கிரம் சலிப்பு வரும், மனச்சோர்வு வரும். அந்தச் சலிப்பை அண்டவிடாமல் வைப்பதுதான் இவருடைய உண்மையான பணி. 1747 முதல் அரண்மனைக்குள்ளேயே சிறிய நாடக அரங்கு அமைத்து, தானே நடித்தார், பாடினார்.

உடல் ஒத்துழைக்கவில்லை. நெஞ்சு பலவீனம், இருமல், தலைவலி, கருச்சிதைவுகள். அரசருக்குத் தன்மேல் ஆசை குறையுமோ என்று அஞ்சி, வெனிலா போட்ட சாக்லேட், செலரி சூப், கிழங்குக் காளான் என்று சூடான உணவாகத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொண்டதை அவருடைய பணிப்பெண்ணின் குறிப்புகள் சொல்கின்றன. மருத்துவர் கெனே அதை நிறுத்தி, நடக்கச் சொன்னார். இந்தக் கெனேதான் பின்னாளில் பொருளாதாரச் சிந்தனைக்காகப் பேர் பெற்றவர். அப்போது அவர் பொம்பதூரின் மருத்துவர். அரண்மனையில் அவர் அறையும் பொம்பதூரின் அறைக்கு மேலேயே இருந்தது.

வெளியே பாரிசில் அவர்மேல் வெறுப்பு வளர்ந்தது. அவருடைய பிறந்த குடும்பப் பெயருக்கு 'மீன்' என்ற பொருள் வரும் என்பதால், அவரை இழிவுபடுத்தும் பாடல்கள் அந்தப் பெயரிலேயே ஊரெல்லாம் சுற்றின. 1749 ஏப்ரலில் அமைச்சர் மொர்பாவைப் பதவி நீக்கி நாடுகடத்தியதில் இந்தப் பாடல்களுக்குப் பங்குண்டு. 1754 ஜூனில் அவருடைய ஒரே மகள் அலெக்சாந்திரின் கன்னியர் மடத்துப் பள்ளியில் திடீரென நோயுற்று இறந்தாள். பத்து வயதுகூட நிறையவில்லை. சில நாட்களில் பொம்பதூரின் தந்தையும் போய்விட்டார். துக்கம் காக்க அவகாசம் கிடைக்கவில்லை. அரசரின் இரவு உணவு அடுத்த வாரமும் நடந்தது.

முதல் முடிவு: படுக்கையிலிருந்து விலகுதல்

1750 வாக்கில் அரசருக்கும் அவருக்கும் இடையிலான உடலுறவு முடிந்தது. சாதாரணமாக ஓர் ஆசைநாயகியின் காலம் அங்கேயே முடிந்துவிடும். அவர் அதைத் தோழமையாக மாற்றினார், அந்த மாற்றத்தை ஊரறியச் செய்தார். பெல்வியூ தோட்டத்துக்குத் தன் சாயலில் 'நட்பு' என்ற பெண்ணுருவைச் சிற்பி பிகாலிடம் செய்யச் சொன்னார். மேல்மாடத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு, அரச குடும்பத்தினருக்கு உரிய பெரிய அறைகளுக்கு மாறினார். அரசருடைய இளம்பெண் தொடர்புகள் அரண்மனைக்கு வெளியே, வெர்சாய் ஊரில் இருந்த ஒரு சின்ன வீட்டில் நடந்தன. பொம்பதூர் அதைத் தெரிந்தே சகித்தார். அந்தப் பெண்களில் யாரும் அவருடைய இடத்துக்கு வரவில்லை.

இரண்டாவது முடிவு: அரசியின் பணிமகள், 1756

இதுதான், என் பார்வையில், அவர் எடுத்த மிகக் கூர்மையான முடிவு. அரசியின் அரண்மனைப் பணிமகளாக ஒரு முறையான பதவி வேண்டும் என்று முயன்றார். அதற்குத் திருச்சபையோடு சமாதானம் தேவைப்பட்டது. சாசி என்ற இயேசு சபைக் குருவை அணுகினார். குரு சொன்னது நேரடியானது: பாவநிலை முடிய வேண்டுமானால் கணவரிடம் திரும்பிப் போ. அவர் கணவருக்குக் கடிதம் எழுதினார். திரும்பி வரத் தயார் என்றார். கணவர் மரியாதையாக மறுத்துவிட்டார். அரசரைப் பிரிவதற்கோ பொம்பதூர் தயாராக இல்லை, அதனால் அந்தக் குருவிடமிருந்து மன்னிப்பு வரவில்லை. இருந்தும் 1756 பிப்ரவரியில் பணிமகள் பதவி கிடைத்தது.

பெயரளவிலான பதவி என்று அதைச் சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் தடவையாக அவர் அரண்மனையில் இருப்பதற்கு அரசரின் படுக்கையைச் சாராத ஒரு காரணம் பிறந்தது. ஓர் ஆண்டு கழித்து அது எவ்வளவு தேவைப்பட்டது என்று பார்ப்போம்.

ஜனவரி 5

அந்தக் குளிர்காலத்தில் நாடே சடங்குகளைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. திருச்சபை ஏற்காத ஜான்சனியப் பிரிவினருக்குச் சாகும் நேரத்தில் அவஸ்தைப்பூசுதலை மறுக்கலாமா என்பதில் பாரிஸ் பேராயர் ஒரு பக்கம், உயர்நீதிமன்றத்தார் மறுபக்கம். 1756 டிசம்பரில் அரசர் நேரில் வந்து கட்டளையிட்டதும் நீதிபதிகளில் பெரும்பாலோர் ராஜினாமா செய்தார்கள். ரொபேர் ஃபிரான்சுவா தமியேன் அந்த நீதிபதிகள் சிலரின் வீட்டில் வேலை பார்த்த ஆள். அங்கே கேட்ட கோபமான பேச்சு அவன் தலைக்கு ஏறியிருந்தது.

அரசவை அப்போது வெர்சாய் பூங்காவில் இருந்த த்ரியானோன் மாளிகையில் இருந்தது. நோயுற்ற மகளைப் பார்க்க அரசர் வெர்சாய்க்கு வந்து, மாலை ஆறு மணிவாக்கில் வண்டி ஏறப் போனபோது தமியேன் காவலரைத் தள்ளிக்கொண்டு வந்து, பேனாக்கத்தி போன்ற சிறிய அலகால் வலது விலாவில் குத்தினான். குளிருக்காகப் போட்டிருந்த கனத்த உடைகள் காப்பாற்றின. அரசர் முதலில் யாரோ குத்துவிட்டதாகத்தான் நினைத்தார். கையை எடுத்துப் பார்த்தால் இரத்தம். அவனைப் பிடியுங்கள், கொல்லாதீர்கள் என்றார். பிறகு மாடிக்கு நடந்து போனார். அரசவை வேறிடத்தில் இருந்ததால் படுக்கையில் விரிப்புகூட இல்லை. கத்தியில் விஷம் இருக்கலாம் என்ற எண்ணம் வந்ததும் தளர்ந்தார். குருவைக் கேட்டார், மறுபடி மறுபடி பாவசங்கீர்த்தனம் செய்தார், அரசியிடம் மன்னிப்புக் கேட்டார், ஆலோசனைக் கூட்டங்களை நடத்தும் பொறுப்பை இளவரசரிடம் விட்டார். இளவரசர் பொம்பதூரை வெறுத்தவர். பக்தர் அணி என்று சொல்லப்பட்ட, திருச்சபைப் பற்று மிகுந்த குழுவின் நம்பிக்கையே அவர்தான்.

காயம் சில நாட்களில் ஆறியது. அரசர் எழவில்லை. திரையை இழுத்துவிட்டுக் கட்டிலிலேயே கிடந்தார். தன் மக்களில் ஒருவனே தன்னைக் கொல்ல வந்தான் என்பது அவரை உடைத்திருந்தது. வேறு எவராவது என்றால் இந்தக் காயத்தோடு நடனத்துக்குப் போகலாம் என்று கெனே சொன்னதாகப் பணிப்பெண்ணின் குறிப்பு இருக்கிறது. மருத்துவ ரீதியில் சரி. ஆனால் ஆபத்து விலாவில் இல்லை.

கீழ்த்தளத்தில்

பொம்பதூரின் அறைகளில் அந்த நாட்களில் கூட்டம் குறையவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களை விட, அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள் அதிகம். அழுகை, மயக்கம், மறுபடி அழுகை. பெர்னிஸ் உடன் இருந்தார். அவர் ஜனவரி தொடக்கத்தில்தான் அரசரின் ஆலோசனைக் குழுவில் சேர்ந்திருந்தார். கெனே மேலே போய் வந்து செய்தி சொன்னார். மேலே இருந்தவரிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

பிறகு மாஷோ வந்தார். முத்திரைக் காப்பாளர், கடற்படை அமைச்சர். பொம்பதூரின் ஆதரவில் வளர்ந்தவர், நண்பர் என்று பொம்பதூர் நம்பியிருந்தவர். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அவர் போன பிறகு பொம்பதூர் வெளிறிய முகத்தோடு, போயாக வேண்டும் என்றார். பெட்டிகளை எடுக்கச் சொன்னார், வண்டிகளுக்கு ஆணை போனது. மாஷோ சொன்னது அரசரின் வார்த்தையா அவருடைய சொந்த யோசனையா என்பதை உறுதிசெய்ய பொம்பதூருக்கு வழியில்லை. அரசரிடம் நேரில் கேட்கும் உரிமை அவருக்கு இல்லையே!

அப்போது மிர்புவா சீமாட்டி உள்ளே வந்தார். இந்தப் பெட்டிகளெல்லாம் எதற்கு என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும், மாஷோ உங்களை விற்றுவிட்டார் என்றும், ஆட்டத்தை விட்டு எழுந்து போகிறவர்தான் தோற்றவர் என்றும் சொன்னார். பெட்டிகள் மூடியது மூடியபடி ஓரமாய் நின்றன. புறப்படத் தயாராவது போல வெளியே தோற்றம் இருக்கட்டும், புறப்பட வேண்டாம் என்று முடிவானது.

ஏன் இருந்தார்

இந்த முடிவைத் தைரியம் என்று மட்டும் சொல்லிவிட்டால் அதில் இருந்த அறிவு தெரியாமல் போகும். அவர் முன்னால் இருந்தவற்றை வைத்துப் பார்க்கிறேன்.

பிரெஞ்சு அரசவையில் யாரையும் விலக்க வேண்டுமென்றால் அரசரின் கடிதம் வரும். மொர்பாவுக்கு வந்தது. பொம்பதூருக்கு எதுவும் வரவில்லை. கடிதம் வராதவரை அரசர் முடிவெடுக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். அரசருக்காக இன்னொருவர் முடிவெடுத்துவிட்டு அதைத் தன் வாயால் சொல்ல வந்திருக்கலாம். போய்விட்டால் அந்த இடைவெளியை அவரே நிரப்பிக் கொடுத்ததாகும்.

ஷாத்தோரு போனார், திரும்பி வர உயிரோடு இல்லை. வெளியே இருப்பவர் அரசருக்குத் தெரியமாட்டார். லூயி பழக்கத்தின் மனிதர். கண்ணெதிரே இருப்பதை விலக்கக் கூச்சப்படுவார், கண்ணில் படாததை மறக்கச் சிரமப்படமாட்டார். இதை பன்னிரண்டு ஆண்டு உடனிருந்தவர் வேறு எவரையும் விட நன்றாக அறிவார்.

அப்புறம் 1750-ம் 1756-ம். படுக்கை உறவு முடிந்து ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. மெஸ்ஸில் ஆயர் வைத்த நிபந்தனையை அதே வலுவோடு இங்கே வைக்க முடியாது. மேலும் அவர் அரசியின் பணிமகள். அரண்மனையில் இருப்பது அவருடைய கடமை. இந்த இரண்டும் இல்லாதிருந்தால் மிர்புவாவின் வார்த்தை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பயன்பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

கெனே தந்த மருத்துவச் செய்தியையும் சேர்க்க வேண்டும். அரசர் சாகமாட்டார் என்பது பொம்பதூருக்கு உறுதியாகத் தெரிந்தது. மேலே பக்தர் அணியினர் எதிர்பார்ப்பில் இருந்தபோது, கீழே இருந்தவரிடம் சரியான தகவல் இருந்தது.

பின்விளைவு

ஒரு வாரத்துக்கும் மேல் கழிந்த பிறகு, ஒருநாள் அரசர் கட்டிலிலிருந்து எழுந்து, உள்வழியாக இறங்கி பொம்பதூரின் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது வேறு மனிதராக இருந்தார் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சோர்வு விலகிவிட்டது. அவ்வளவுதான், நெருக்கடி முடிந்தது.

பிப்ரவரி 1 அன்று கடிதங்கள் போயின, ஆனால் வேறு இருவருக்கு. மாஷோவும், நீண்ட நாளாக பொம்பதூரை எதிர்த்துவந்த போர் அமைச்சர் தார்ஜான்சோனும் ஒரே நாளில் பதவி இழந்து தத்தம் பண்ணைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். மாஷோவுக்குப் போன கடிதம் கனிவானது, ஓய்வூதியமும் மரியாதையும் தொடர்ந்தன. தார்ஜான்சோனுக்குப் போனது சுருக்கமானது. தமியேன் மார்ச் 28 அன்று பாரிசில் கொடூரமான முறையில் கொல்லப்பட்டான். அதை விவரிக்க எனக்கு மனமில்லை.

அந்த இரண்டு கடிதங்களின் விலை பெரியது. பிரான்ஸ் அப்போது பிரிட்டனுக்கும் பிரஷ்யாவுக்கும் எதிரான ஏழாண்டுப் போருக்குள் நுழைந்திருந்தது. தரைப்படையையும் கடற்படையையும் நன்கு அறிந்த இருவரும் ஒரே நாளில் போனார்கள். போர் அமைச்சு தார்ஜான்சோனின் அனுபவம் குறைந்த அண்ணன் மகனுக்குப் போனது. அந்த நவம்பரில் ரோஸ்பாக்கில் பிரெஞ்சுப் படை பிரஷ்யாவிடம் படுதோல்வி அடைந்தது. கடற்படை அமைச்சு இரண்டு ஆண்டுக்குள் மூன்று கை மாறி, 1758 இறுதியில் பெர்ரியேயிடம் வந்தது. அவர் பாரிசின் முன்னாள் காவல்துறைத் தலைவர், பொம்பதூரின் ஆள். கடலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

இதன் ஒரு முனை நம் கரையையும் தொடுகிறது. 1759 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தாஷேயின் கப்பற்படை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரோடு மோதிவிட்டு விலகிப் போனது, திரும்ப வரவில்லை. கடல்வழி உதவியில்லாமல் முற்றுகையில் பட்டினி கிடந்த புதுச்சேரி 1761 ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் கீழ் சரணடைந்தது. ஊரை ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். அந்த வீழ்ச்சிக்குப் பணப் பற்றாக்குறை, லாலியின் முரட்டுத்தனம், ஆங்கிலேயரின் கடல்வலிமை என்று பல காரணங்கள் உண்டு. ஓர் ஆசைநாயகியின் பழிவாங்கலால் புதுச்சேரி விழுந்தது என்று சொல்வது அநியாயம். ஆனால் போர்க்காலத்தில் கடற்படையைத் தொழில் அறிந்தவரிடமிருந்து பறித்து, கடைசியில் நம்பிக்கைக்குரியவரிடம் கொடுத்தது அவருடைய கணக்கில்தான் சேரும்.

1764: அவருடைய படுக்கை

1764 பிப்ரவரியில் ஷுவாசியில் இருக்கும்போது பொம்பதூர் நெஞ்சு நோயில் விழுந்தார். சற்றுத் தேறி வெர்சாய்க்கு வந்து, மறுபடி மோசமானார். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் நாற்காலியிலேயே இருந்தார். அரச குடும்பத்தவர் அல்லாத எவரும் அரண்மனையில் சாகக்கூடாது என்ற விதியை மீறி, அங்கேயே இருக்க அரசர் அனுமதித்தார்.

அவஸ்தைப்பூசுதலுக்கு முன் அதே பழைய நிபந்தனை இப்போது அவருக்கு. அரசரோடு கடைசியாகப் பேசி, விடைபெற்ற பிறகுதான் குருவை வரச்சொன்னார். அதன் பின் அரசர் உள்ளே வரவில்லை. வேறொருவரின் நோய்ப்படுக்கையில் இருபது ஆண்டாக அவர் அஞ்சிய பிரிவு, தன் படுக்கையில் வந்தது. ஏப்ரல் 15, குருத்தோலை ஞாயிறு மாலை இறந்தார். வயது 42. புறப்பட எழுந்த பங்குக் குருவிடம், கொஞ்சம் பொறுங்கள், சேர்ந்தே போவோம் என்று சொன்னதாகச் செய்தி உண்டு.

எது வேறு மாதிரி நடந்திருக்கலாம்

ஜனவரியில் இருந்தது சரியான முடிவு. பிப்ரவரியில் நடந்ததுதான் தவறு. தார்ஜான்சோன் எப்போதும் எதிரி, அவரை விட்டுவைத்தால் அடுத்த காய்ச்சலில் மறுபடி வருவார். அந்தப் பயம் புரிகிறது. மாஷோ விஷயம் வேறு. அவர் தவறான ஆலோசனை சொன்னார், ஒருவேளை பக்கம் மாறினார். ஆனால் வெற்றி கிடைத்துவிட்ட பிறகு, தோற்று நிற்கும் திறமைசாலியை அருகில் வைத்துக்கொள்வது பொம்பதூருக்குப் பலமாகவே இருந்திருக்கும். அவரால் அது முடியாமல் போனதற்குக் காரணம் சுபாவம் மட்டுமல்ல என்று நினைக்கிறேன். தன் இடத்துக்கு எழுதப்பட்ட உரிமை இல்லாதவர், தன்னைச் சுற்றி நம்பிக்கையானவர்களை மட்டுமே வைத்துக்கொள்ளப் பார்ப்பார். அங்கே திறமை இரண்டாம்பட்சமாகிவிடும். பன்னிரண்டு ஆண்டு அந்த நிலையில் வாழ்ந்தவரிடம் வேறு நடத்தையை எதிர்பார்ப்பது எனக்கே கடினமாக இருக்கிறது. இருந்தாலும் விலையை மற்றவர்கள் கொடுத்தார்கள்.

1756-இல் பெற்ற பணிமகள் பதவியை இன்னும் முன்பே, 1750-இலேயே தேடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசிக்கலாம். அந்தப் பதவி எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு அடுத்து வந்தவரின் கதையே அளவுகோல். துய் பாரி சீமாட்டி 1769 ஏப்ரலில் அரசவைக்கு அறிமுகமானார். அரசி மரி லெசின்ஸ்கா முந்தைய ஆண்டே இறந்திருந்தார். அரசிக்குப் பணிமகளாகச் சேர இடமே இல்லை. துய் பாரியின் இருப்புக்கு அரசரின் ஆசையைத் தவிர வேறு பிடி கிடையாது. 1774 ஏப்ரல் இறுதியில் லூயிக்குப் பெரியம்மை கண்டது. மெஸ்ஸில் நடந்தது மறுபடி நடக்கக்கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார்: யாரும் நிபந்தனை வைக்கும் முன்பே, மே 4 அன்று துய் பாரியைப் போகச் சொல்லிவிட்டார். அவர் ருயேயில் இருந்த ஒரு நண்பரின் வீட்டுக்குப் போனார். மே 10 அன்று அரசர் இறந்தார். துய் பாரியை பொந்த்-ஓ-தாம் கன்னியர் மடத்தில் அடைக்கச் சொல்லும் ஆணை, புதிய அரசரின் முதல் ஆணைகளில் ஒன்றாகப் பிறந்தது.